எந்த விமானத்தைக் கட்டலாம்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் பிளானை (வரைபடத்தை) வைத்து பால்சா என்ற இலேசான மரத்தில் விமானம் கட்ட நினைப்பவர்களின் கேள்விகள். பதில்களில் வரும் கணக்கெல்லாம் மின்மோட்டாரில் ஓடும் ரேடியோ கன்ட்ரோல் மாடல்களுக்கானவை.

ஃபோம் டிரெய்னர் ஓட்டப் பழகிவிட்டேன், தரையிறக்கமும் கைவந்துவிட்டது. அடுத்து பால்சாவில் ஒன்று கட்ட ஆசை. மகள் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் கேட்கிறாள். நண்பர்கள் பைப்பர் கப் என்ற சிறிய மேலிறக்கை விமானம் என்கிறார்கள். இறக்கை 120 முதல் 140 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். எதைத் தொடங்கலாம்?
— வாசகர், கோவை

முதல் பால்சா விமானம் கப்பாக இருக்கட்டும். ஆனால் 'ஸ்பிட்ஃபயருக்கு இறக்கை போதாது, அதனால் கஷ்டம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம் 11.23 மீட்டர், பரப்பு சுமார் 22.5 சதுர மீட்டர். ஜே-3 கப்புக்கு 10.74 மீட்டர், 16.6 சதுர மீட்டர். இரண்டையும் 120 செ.மீ.க்குச் சுருக்கினால் ஸ்பிட்ஃபயருக்கு ஏறக்குறைய 26 சதுர டெசிமீட்டர், கப்புக்கு 21 கிடைக்கும். ஒரு சதுர டெசிமீட்டர் என்பது 10 செ.மீ.க்கு 10 செ.மீ. கட்டம். ஆக, பரப்பில் ஸ்பிட்ஃபயர்தான் முந்துகிறது.

சிக்கல் அந்த நீள்வட்ட இறக்கையில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 12 ரிப் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) என்றால் 12-ம் வெவ்வேறு அளவு. முன்விளிம்பு வளைந்து போவதால் ஒரே குச்சியை வைத்து முடிக்க முடியாது. மெல்லிய பட்டைகளை அடுக்கி ஒட்டி வளைக்க வேண்டும். மேலே பால்சா ஷீட் மூடும்போது அது இரண்டு திசையில் வளைய மறுக்கும். பறப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. முனையில் இறக்கையின் அகலம் மிகவும் குறுகிவிடுகிறது. சிறிய அகலமும் குறைந்த வேகமும் சேர்ந்தால் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுச் சீக்கிரம் பிரியும். மெதுவாகத் தரையிறங்கும் நேரத்தில் முனை முதலில் ஸ்டால் ஆகி (தூக்குவிசை இழந்து), ஒரு பக்கம் சட்டென்று கவிழும். 3 மீட்டர் உயரத்தில் அது நடந்தால் மீட்க நேரமிருக்காது. நிஜ விமானத்தில் இதைத் தடுக்க இறக்கையை முறுக்கியே அமைத்தார்கள்: உடலோடு சேரும் அடியில் கூட்டல் 2 டிகிரி, முனையில் கழித்தல் அரை டிகிரி. இந்த முறுக்குக்கு வாஷ்அவுட் என்று பெயர். மாடலிலும் இது கட்டாயம் வேண்டும். ஸ்பிட்ஃபயர் பிளான் எதை எடுத்தாலும் முதலில் தேட வேண்டியது இதைத்தான். வாஷ்அவுட் அளவு குறிக்காத பிளானை வாங்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் முறுக்கிக் கட்ட, ரிப்களைத் தாங்கும் ஜிக் தேவை. முதல்முறை கட்டுபவரின் கையில் ஒரு பக்கம் 2 டிகிரி, மறுபக்கம் அரை டிகிரி என்று போய்விடுவது சகஜம். அப்படிப்பட்ட விமானம் எப்போதும் ஒரே பக்கம்தான் கவிழும்.

கப்புக்கு வருவோம். 8-ல் ஒரு பங்கு ஸ்கேல் உங்களுக்குச் சரியாக வரும்: இறக்கை 134 செ.மீ., அகலம் 20 செ.மீ., பரப்பு 26 சதுர டெசிமீட்டர். அடியிலிருந்து முனை வளைவு தொடங்கும்வரை அகலம் மாறாது. அதனால் ரிப் முழுவதற்கும் ஒரே அச்சு போதும். 1.5 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு அச்சு வெட்டி, நடுவில் 2 மி.மீ. பால்சாத் துண்டுகளை அடுக்கி, 3 மி.மீ. போல்ட் இரண்டு போட்டு இறுக்கி, மொத்தமாக ராவினால் 22 ரிப்பும் ஒரே மாலையில் தயார். 100 மி.மீ. அகலமுள்ள 914 மி.மீ. ஷீட் இரண்டு போதும். இறக்கையின் நீளவாக்கில் ஓடும் தாங்கு குச்சியான ஸ்பாருக்கு மேலும் கீழும் 5 மி.மீ. சதுர ஸ்ப்ரூஸ் மரம். இறக்கையின் உட்பாதி வரை இரண்டு ஸ்பார்களுக்கும் நடுவே 1.5 மி.மீ. பால்சாவை, மர ரேகை செங்குத்தாக நிற்கும்படி ஒட்டுங்கள். ரேகை படுத்திருந்தால் அந்தத் துண்டு எடைக்கு மட்டுமே உதவும்.

எடைதான் இந்த வேலையின் உயிர். முழு விமானமும் 1 கிலோவில் முடிய வேண்டும். மோட்டார், ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), 3 செல் 2200 எம்.ஏ.ஹெச். பேட்டரி, 9 கிராம் சர்வோ (அசையும் பகுதிகளை இயக்கும் சிறு மோட்டார்) நான்கு, ரிசீவர் எல்லாம் சேர்ந்து 330 கிராம் வரும். சக்கரமும் கம்பியும் 70, மேலே மூடும் ஃபிலிம் 70. மீதியில் பசை, கண்ணாடி, சில்லறைச் சாமான்களுக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் மரச் சட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 450 கிராம். கடையில் பால்சா வாங்கும்போதே தராசில் வைத்துப் பாருங்கள்: 914 × 100 × 1.5 மி.மீ. ஷீட் 16–18 கிராம் இருந்தால் நல்லது. 28 கிராம் காட்டினால் அதை மோட்டார் பொருத்தும் பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1 கிலோவில் முடிந்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 38 கிராம் சுமை. ஸ்டால் வேகம் மணிக்கு சுமார் 26 கி.மீ. மட்டுமே. இந்த அளவு விமானத்துக்கு 40 கிராமுக்குள் இருந்தால் நிதானமாகப் பறக்கும். 55-ஐத் தாண்டினால் கை பழகியிருக்க வேண்டும்.

மோட்டார் சுமார் 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடச் சுற்றுகள்), 60–70 கிராம். 10 × 5 அங்குல புரொப்பெல்லர், 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. இது 200 வாட் தரும். கப்புக்கு அது தாராளம். மோட்டாரை 3 டிகிரி கீழ்நோக்கியும் 2 டிகிரி வலப்புறமும் சாய்த்து வையுங்கள். சி.ஜி. (எடை சமனாகும் புள்ளி) முன்விளிம்பிலிருந்து 56–60 மி.மீ.

கப் சாதுவான விமானம் என்ற பேச்சில் ஒரு திருத்தம் தேவை. இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் எய்லரானை மட்டும் பயன்படுத்தித் திருப்பினால் கப் எதிர்ப்பக்கம் மூக்கைக் காட்டும். கீழே இறங்கும் எய்லரானில் இழுவை கூடுவதுதான் காரணம். மேலே 12 மி.மீ. போனால் கீழே 6 மி.மீ.தான் போக வேண்டும் என்று ரேடியோவில் அமைத்து, ரடரையும் (செங்குத்து வாலின் அசையும் பகுதி) கொஞ்சம் சேர்த்துவிடுங்கள். நிஜ கப்பின் இறக்கைகள் கிட்டத்தட்ட நேராக இருக்கும். மாடலில் ஒவ்வொரு முனையும் 3 செ.மீ. உயரும்படி டைஹெட்ரல் கொடுத்தால் தோற்றம் கெடாது, விமானமும் தானாக நேராகும்.

மகளின் ஸ்பிட்ஃபயர் இரண்டாவதாக வரட்டும். கப்பில் ரிப், ஸ்பார், ஃபிலிம் மூன்றும் கைவந்த பிறகு ஸ்பிட்ஃபயர் பிளான் பாதி கஷ்டமாகத்தான் தெரியும்.

நம் நாட்டோடு தொடர்புள்ள, மைதானத்தில் வேறு யாரிடமும் இல்லாத விமானம் ஒன்று கட்ட விரும்புகிறேன். மாருத் ஜெட் மனதில் இருக்கிறது. வேறு என்ன இருக்கிறது?
— வாசகர், திருச்சி

நல்ல ஆசை. மாருத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்வோம். 1961-ல் முதலில் பறந்த எச்.எஃப்.-24 மாருத், ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் எச்.ஏ.எல். உருவாக்கிய அழகான விமானம். ஆனால் 9 மீட்டர் இறக்கை, ஏறக்குறைய 16 மீட்டர் உடல். 12-ல் ஒரு பங்காகக் கட்டினால் இறக்கை 75 செ.மீ., பரப்பு 19 சதுர டெசிமீட்டர். டக்டட் ஃபேன் (குழாய்க்குள் சுழலும் விசிறி), அதற்கேற்ற பெரிய பேட்டரி எல்லாம் சேர்ந்து 1.3 கிலோவைத் தொடும்போது சுமை 67 கிராம் ஆகிறது. ஸ்டால் வேகமே மணிக்கு 40 கி.மீ. பக்கம் இருக்கும். பின்னோக்கிச் சாய்ந்த மெல்லிய இறக்கை வேறு. நீளமான, சமமான தார் ஓடுபாதை இல்லாமல் இது நடக்காது.

அடுத்து எச்.டி.-2, 1951-ல் பறந்த எச்.ஏ.எல். பயிற்சி விமானம். இறக்கை 10.72 மீட்டர், மடங்காத சக்கரம், ஒல்லியான மூக்கு. இது நல்ல தேர்வுதான். ஆனால் இறக்கை கீழே அமைந்தது, முனையை நோக்கிக் குறுகுவது. ஆகவே முனையில் 2 டிகிரி வாஷ்அவுட்டும், ஒவ்வொரு பக்கமும் 5 டிகிரி டைஹெட்ரலும் கொடுங்கள். மூன்றாவது, நான்காவது விமானமாகக் கட்ட ஏற்றது.

எளிமை வேண்டுமென்றால் புஷ்பக். 1958-ல் முதலில் பறந்தது. நம் ஃப்ளையிங் கிளப்களில் பலர் பறக்கக் கற்ற விமானம். மேலிறக்கை, தாங்கு குச்சிகள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை. இறக்கை 10.97 மீட்டர் என்பதால் 8-ல் ஒரு பங்கு 137 செ.மீ. வரும். கப்புக்குச் சொன்ன மோட்டாரும் பேட்டரியும் அப்படியே பொருந்தும்.

இதையெல்லாம் விட ஒரு படி மேலே நாங்கள் சிபாரிசு செய்வது டி ஹாவிலண்ட் புஸ் மாத். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த விமானம் இதுதான். அங்கிருந்து டாடாவின் கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்புள்ள விமானம் மாடலாகவும் நன்றாக அமைவது அபூர்வம். இறக்கை 11.2 மீட்டர், பரப்பு 20.6 சதுர மீட்டர். 8-ல் ஒரு பங்குக்கு 140 செ.மீ. நீளமும் 32 சதுர டெசிமீட்டர் பரப்பும் கிடைக்கும். 1.2 கிலோ எடையிலும் சுமை 38 கிராமைத் தாண்டாது. நிஜ விமானத்தின் உடலே எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. ஆகவே மாடலின் உடலையும் 5 மி.மீ. சதுரக் குச்சிகளால் நேர்கோட்டில் கட்டலாம். தலைகீழாகப் பொருத்திய ஜிப்ஸி என்ஜின் என்பதால் மூக்கு நீளம், ஒல்லி. பேட்டரி முன்னால் போய் உட்காரும். ஈயம் வைக்க வேண்டியிராது.

அபூர்வமான விமானங்களுக்குக் கட்டும் பிளான் கிடைக்காமல் மூன்று கோணப் படம் மட்டும் கிடைக்கலாம். அதை நம்பும் முன் அளந்து பாருங்கள்: மேலிருந்து பார்க்கும் படத்திலும் பக்கவாட்டுப் படத்திலும் உடல் நீளம் ஒன்றா, முன்புறப் படத்திலும் மேற்புறப் படத்திலும் உடல் அகலம் ஒன்றா, இறக்கை நீளத்தை உடல் நீளத்தால் வகுத்தால் நிஜ விமானத்தின் விகிதம் வருகிறதா. ஒன்று இடித்தாலும் வேறு படம் தேடுங்கள். ரிப் வடிவம் இல்லாவிட்டால் கிளார்க் ஒய் போடலாம், அகலத்தில் 11.7 சதவீதம் தடிமன், அடிப்புறம் பெரும்பாலும் தட்டை, பலகையில் வைத்துக் கட்ட வசதி.

வாலும் போதுமா என்று பார்க்க ஒரு கணக்கு: வாலின் கிடைப்பரப்பை, இறக்கையிலிருந்து வால்வரை உள்ள தூரத்தால் பெருக்கி, அதை இறக்கைப் பரப்பு × இறக்கை அகலத்தால் வகுக்க வேண்டும். வால் 5 சதுர டெசிமீட்டர், தூரம் 55 செ.மீ., இறக்கை 26, அகலம் 20 என்றால் விடை 0.53. 0.5-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 0.4-க்குக் கீழே போனால் கிடைவாலைப் பத்துப் பதினைந்து சதவீதம் பெரிதாக்குங்கள். பறக்கும்போது யாருக்கும் தெரியாது.

ஃபோக்கர் டி.ஆர்.1 மூன்றடுக்கு இறக்கை விமானம் கட்டலாமா? சிவப்பு நிறத்தில் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை.
— வாசகர், மதுரை

கட்டலாம், மூக்கைப் பார்த்துவிட்டு. முதல் உலகப்போர் விமானங்களில் பலவற்றுக்கு மூக்கு மிகக் குட்டை. நிஜத்தில் கனமான ரோட்டரி என்ஜின் அங்கே இருந்ததால் சமன் ஆனது. நம் மோட்டார் 70 கிராம்தான். பிளானில் சி.ஜி. புள்ளியிலிருந்து மோட்டார் பலகை வரை ஸ்கேல் வைத்து அளக்கவும், பிறகு சி.ஜி.யிலிருந்து வால்முனை வரை அளக்கவும். முன்னால் 12 செ.மீ., பின்னால் 60 செ.மீ. என்றால் விகிதம் 5. அதாவது வாலில் கூடும் ஒவ்வொரு 10 கிராமுக்கும் மூக்கில் 50 கிராம் ஈயம். வாலில் ஒரு சர்வோவும் தடித்த கம்பியும் வைத்தாலே மூக்கில் 100 கிராமுக்கு மேல் போய்விடும். விகிதம் 3 வரை கவலையில்லை. அதற்கு மேல் போனால் சர்வோக்களை இறக்கைக்கு முன்னால் நகர்த்துங்கள், வாலைப் பலகையாக வெட்டாமல் 4 மி.மீ. குச்சிகளால் கட்டுங்கள், பொறுக்கி எடுத்த இலேசான பால்சாவை எல்லாம் பின்பாதிக்கே ஒதுக்குங்கள்.

இன்னொரு யோசனை: இரட்டை இறக்கைதான் ஆசை என்றால் டைகர் மாத். மூக்கு நீளம். எய்லரான் கீழிறக்கையில் மட்டும்தான் என்பதால் சர்வோ வேலையும் குறைவு. ஆனால் இரண்டு இறக்கைகளையும் குச்சிகளையும் மைதானத்தில் பூட்ட இருபது நிமிடம் ஆகும். ஸ்கூட்டரில் போய் ஒரு மணி நேரம் பறந்துவிட்டுத் திரும்புபவருக்கு அது பெரிய செலவு. ஸ்கூட்டர்தான் வாகனம் என்றால் எந்த விமானமானாலும் இறக்கையை இரண்டாகப் பிரித்து, நடுவில் கார்பன் குழாய் செருகும்படி தொடக்கத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

90 செ.மீ. ரப்பர் (முறுக்கிய ரப்பரால் ஓடும்) விமானப் பிளான் ஒன்று இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் 150 செ.மீ.க்குப் பெரிதாக்கி மோட்டார் வைக்கலாமா?
— வாசகர், ஈரோடு

வேண்டாம். 1.67 மடங்கு பெரிதாக்கினால் பரப்பு 2.8 மடங்கு, கன அளவு 4.6 மடங்கு. மரத்தின் தடிமனும் சேர்ந்து பெருகும்: 1.5 மி.மீ. ஷீட்டுக்கான பள்ளம் 2.5 மி.மீ. ஆகிவிடும், ஃபார்மர்களும் (உடலின் குறுக்குச் சட்டங்கள்) ரிப்களும் தளர்ந்து உட்காரும். ரப்பர் விமானத்தின் சட்டம் சில கிராம் எடைக்காகக் கணக்கிட்டது. மோட்டார் அதிர்வையும் பேட்டரியோடு தரையில் மோதும் அடியையும் அது தாங்காது. எந்தப் பிளானையும் 25 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்குவதாக இருந்தால் ஸ்பார், மோட்டாரைத் தாங்கும் முன்பலகை, சக்கரக் கம்பி மூன்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். அந்த நேரத்தில் சரியான அளவுப் பிளானையே தேடிவிடலாம்.

எரிபொருளில் ஓடும் 4 சி.சி. குளோ என்ஜினுக்கான பழைய பிளான் கிடைத்தது. மின்மோட்டாருக்கு மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர், புதுச்சேரி

மூக்கில் இருந்த என்ஜினும் சைலன்ஸரும் மோட்டாரை விட மிகவும் கனம். அந்த இடைவெளியைப் பேட்டரி நிரப்ப வேண்டும், அதனால் பேட்டரி அறை முன்பலகையை ஒட்டியே வர வேண்டும். எரிபொருள் டாங்க் இருந்த இடம் பெரும்பாலும் போதும். பழைய பிளானில் பேட்டரிக்குக் கதவு இருக்காது. ஃபார்மர்களை ஒட்டும் முன்பே மேற்புறத்தில் கதவு எங்கே என்று பென்சிலால் குறியுங்கள். கட்டி முடித்த பிறகு வெட்டினால் உடலின் மேல்குச்சி அறுபடும். காற்று உள்ளே வர ஒரு துளை, வெளியேற அதைவிட இரண்டு மடங்கு பெரிய துளை. எண்ணெய்க் கசிவும் என்ஜின் அதிர்வும் இனி இல்லை, ஆகவே முன்பகுதியில் கனமான பிளைவுட்டைக் குறைத்து 50 கிராம் வரை மிச்சம் பிடிக்கலாம்.

பிளானை அச்சடிப்பதில் என்ன தவறு நேரும்? என் இறக்கையின் இரண்டு பாதியும் பொருந்தவில்லை.
— வாசகர், சேலம்

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அச்சு அளவு. 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை நீக்கி 100 சதவீதத்தில் அச்சடிக்கச் சொல்ல வேண்டும். பிளானில் உள்ள சோதனைக் கோட்டைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து பாருங்கள். பெரிய ரோல் பிரின்டர்கள் ஒரு திசையில் மட்டும் சற்று இழுத்துவிடும். சோதனைக் கோடு இல்லையென்றால் கடைக்குக் கொடுக்கும் முன் 100 மி.மீ. கோடு இரண்டு, ஒன்று குறுக்கே, ஒன்று நெடுக்கே, நீங்களே வரைந்து சேர்த்துவிடுங்கள். இரண்டு பாதியையும் ஒரே நாளில், ஒரே பிரின்டரில் அச்சடியுங்கள்.

இரண்டாவது, இதுதான் அதிகம் நடப்பது: பிளானில் இடப்பக்க இறக்கை மட்டும் வரைந்திருப்பார்கள். வலப்பக்கத்துக்குத் தாளைத் திருப்பிப்போட வேண்டும். அதை மறந்து இரண்டு இடது இறக்கை கட்டுபவர்கள் உண்டு. தாளின் பின்புறம் பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தடவி, ஒரு மணி நேரம் விட்டால் கோடுகள் மறுபக்கம் தெளிவாகத் தெரியும். பிறகு அதன்மேல் மெல்லிய பாலிதீன் விரித்து, பின் குத்தக்கூடிய சாஃப்ட்போர்டில் கட்டுங்கள். வெள்ளைப் பசை பாலிதீனில் ஒட்டாது. போர்டுக்கு அடியில் கண்ணாடியோ நேரான பிளைவுட்டோ இருக்கட்டும், ஏனென்றால் சாஃப்ட்போர்டு மட்டும் வைத்தால் நடுவில் தொய்ந்து, அந்தத் தொய்வு இறக்கையில் வளைவாக நின்றுவிடும்.